கவசக்காரியும் கிணற்றுக்காரியும்

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு வவுனியா விடுதியிலிருந்து மச்சாள் வீடு திரும்பியபோது, பெட்டி நிறையப் புத்தகங்களும் ஒரு சின்னத் துணிப்பையும் கொண்டுவந்தாள். புத்தகங்களை நாங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. துணிப்பையைக் குலுக்கினால் கூழாங்கற்கள் உரசுகிற சத்தம் கேட்டது. பாயில் கொட்டினால் நாலு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம் என்று நாங்கள் கண்டிராத தாயக்கட்டைகள் உருண்டன. எல்லாவற்றிலும் வடிவானது இருபது முகமுள்ள பச்சைக் கட்டை. தம்பி அதற்கு நெல்லிக்காய் என்று பெயர் வைத்தான். அன்றிலிருந்து அது நெல்லிக்காய்தான்.

எனக்கு அப்போது பத்து வயது. தம்பி என்னைவிட மூன்று வயது இளையவன். மச்சாள், அப்பாவின் அக்காவான எங்கள் மாமியின் மகள். அவளுடைய வீடும் எங்களுடைய வீடும் மல்லாவியிலிருந்து உள்ளே, குளத்துக்குக் கீழே, ஒரே காணியின் இரண்டு பாதிகளில் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த அப்பப்பா, தனக்குக் கிடைத்த காணியை மகளுக்கும் மகனுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். நடுவே ஒரு வேலி, வேலியில் குனிந்து நுழையும் இடைவெளியாக ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள்ளால் நாங்கள் போவோம், கோழிகள் போகும், மாமி வீட்டு நாய் வரும், அப்பாவும் மாமாவும்கூடக் குனிந்து நெளிந்து போய்வருவார்கள். அம்மாவும் மாமியும் மட்டும் அதைத் தாண்டியதில்லை.

அவர்கள் இருவரும் கதைப்பதுமில்லை. அம்மா இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்கும்போதே, மாமி அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, எங்கடை மாடு உங்கடை கத்தரிக்குள்ளை நிக்குதாம் எண்டு கொம்மாட்டைச் சொல்லு" என்பார். நான் தலையைத் திருப்பி அதையே அம்மாவிடம் சொல்வேன். "கலைச்சாச்சு எண்டு சொல்லு" என்பார் அம்மா. நான் மறுபடியும் தலையைத் திருப்புவேன். இந்த வேலையில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் இல்லாவிட்டால் இரண்டு குடும்பங்களும் என்ன செய்திருக்கும் என்று யோசித்துக்கொள்வேன்.

ஏன் கதைப்பதில்லை என்று கேட்டபோது, மச்சாள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீட்டுக்கு எங்களுக்கு முறையாகச் சொல்லவில்லை என்று ஒரு காரணம் தரப்பட்டிருந்தது. அது எனக்குப் போதுமானதாக இருந்தது. பிறந்தநாளுக்குச் சொல்லாததால் கதைக்காமல் இருந்த இரண்டு பேர் எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள்.

மச்சாள் அந்த விளையாட்டை விடுதியில் ஒரு சினேகிதியிடம் பழகியிருந்தாள். அதற்குப் பலகை இல்லை, காய்கள் இல்லை. ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒரு ஆளை உருவாக்க வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர், குணம், ஆயுதம் எல்லாம் நாம்தான் கொடுக்க வேண்டும். பிறகு மச்சாள் கதை சொல்லத் தொடங்குவாள். இருண்ட காடு வரும், குகை வரும், பூதம் வரும். "இப்ப உன்ரை ஆள் என்ன செய்யிறாள்?" என்று கேட்பாள். நாம் சொல்வது நடக்குமா நடக்காதா என்பதை நெல்லிக்காய் உருண்டு தீர்மானிக்கும், பெரிய எண் விழுந்தால் நடக்கும்.

உண்மையில் அது கூட்டாளிகளாகச் சேர்ந்து பூதத்தை வெல்லும் விளையாட்டு. நானும் தம்பியும் முதல் நாளே குகை வாசலில் யார் முன்னே போவது என்று சண்டை பிடித்து, பூதம் வருவதற்கு முன்னரே ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்த்துவிட்டோம். மச்சாள் கட்டைகளைப் பொறுக்கி எடுத்தாள்.

"உங்கள் ரெண்டு பேருக்கும் ஒத்தைக்கு ஒத்தைதான் சரி" என்றாள்.

அப்படித்தான் எங்கள் வீட்டு விறாந்தையில் தனிச்சண்டைகள் தொடங்கின. தனிச்சண்டைக்கு ஆள் செய்வது லேசான வேலை இல்லை. கூட்டமாகப் போகும்போது ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருக்கும். தனியே நிற்கிறவளுக்கு எல்லாம் தன்னிடமே இருக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் வாங்கப் புள்ளிகள் போதாது. மச்சாள் ஆளுக்கு இருபது புள்ளிகள் தந்தாள். அவற்றைப் பலம், வேகம், அறிவு, தாங்குசக்தி என்று பங்கிட வேண்டும். ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அதை மச்சாள் முதலில் வசீகரம் என்றாள். தம்பி விழித்தான். "சரி, வாய். வாயாலை ஆளை மடக்கிறது" என்று திருத்தினாள். இவை தவிர ஒவ்வொரு ஆளும் ஒரேயொரு உடைமையை வைத்துக்கொள்ளலாம். சண்டையில் கட்டையை உருட்டுவதற்கு முன் நம் ஆள் எதிராளியைப் பார்த்து ஏதாவது கதைக்க வேண்டும் என்பது மச்சாளின் சொந்த விதி. பொருத்தமாகக் கதைத்தால் கூடுதல் புள்ளி கிடைக்கும்.

என் ஆளின் பெயர் இடிமுழக்கி. உடைமை, அவளுடைய உயரத்துக்கு ஒரு வாள். புள்ளிகளில் பெரும்பங்கைப் பலத்தில் கொட்டினேன், மிச்சத்தை வேகத்தில் போட்டேன். அறிவுக்குப் போனால் போகிறதென்று ஒன்று. வாய்க்கு ஒன்றுமே வைக்கவில்லை. வெட்டப் போகிறவளுக்குக் கதை எதற்கு? "வாய் இல்லாமல் ஒத்தைக்கு நிக்கேலாதடி, யோசி" என்று மச்சாள் சொன்னாள். நான் யோசிக்கவில்லை. தம்பி செட்டை முளைத்த முதலை ஒன்றைச் செய்தான். குளத்து முதலைகள் வெயில் காய்வதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். முதலைக்குப் பறக்கவும் தெரிந்துவிட்டால் பிறகு அதை யார் என்ன செய்ய முடியும் என்பது அவனுடைய கேள்வி. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது சைக்கிளின் பின்னாலிருந்து, வேகத்தில் இரண்டைக் கழித்துப் பல்லில் போட்டால் என்ன என்று என் முதுகோடு ஆலோசனை நடத்துவான்.

பல்கலைக்கழகம் போகும்போது நெல்லிக்காயை விட்டுப்போவதாகவும், யார் எல்லாரையும் வெல்கிறார்களோ அவர்களுக்கே அது என்றும் மச்சாள் வாக்குக் கொடுத்திருந்தாள். அதன்பிறகு நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

அந்த வருடம் மாரி மழை விடாமல் பிடித்தது. குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வானால் பாய்ந்தது. மாங்குளம் போகிற வீதியில் தண்ணீர் ஏறி, பஸ் நின்றுபோனது. அணைக்கட்டில் ஒரு இடத்தில் கசிகிறது என்று செய்தி வந்ததும், ஊர் ஆண்கள் எல்லாரும் மண்மூட்டை அடுக்கப் போனார்கள். அப்பாவும் மாமாவும் போனார்கள். கட்டு உடைந்தால் வயல் மட்டுமல்ல, வீடுகளும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடம் இல்லை என்பதும் தெரிந்திருந்ததால் பயத்துக்கு நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் காணியில் மாமியின் பாதி பள்ளம். விடியும்போது அவர்களுடைய குசினிக்குள் தண்ணீர் நின்றது, கொஞ்ச நேரத்தில் விறாந்தைக்கும் வந்துவிட்டது. அப்பா அணைக்கட்டிலிருந்து ஓடிவந்து, அக்காவை எங்கள் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுத் திரும்பவும் ஓடினார். மாமி பொட்டுக்குள்ளால் வரவில்லை. தன்னுடைய படலையைத் திறந்து, முழங்கால் தண்ணீரில் வீதி வழியே சுற்றி நடந்து, எங்கள் படலையால் வந்தார். தலையில் உடுப்புப் பெட்டி. பின்னால் மச்சாள் ஒரு கையில் மண்ணெண்ணெய் அடுப்பும் மறுகையில் தண்ணீர்க் கானுமாக வந்தாள். சுற்றிவரத் தண்ணீர் நிற்கிற நாளில் ஒருவர் தண்ணீர் சுமந்துகொண்டு வருவதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அம்மா நல்ல கதிரையைத் துடைத்து வைத்தார். மாமி அதில் இருந்தார். அம்மா தேத்தண்ணி ஊற்றிப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். அது ஆறி ஆடை படியும்வரை மாமி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீணாய்ப் போகிறதே என்று நான் எடுத்துக் குடித்துவிட்டேன். பிறகு மாமி விறாந்தை மூலையில் தன்னுடைய அடுப்பை மூட்டி, தன்னுடைய கானிலிருந்து தண்ணீர் வார்த்து, தனக்கும் மச்சாளுக்கும் தேத்தண்ணி வைத்தார். மச்சாள் மட்டும் அதைக் குடிக்காமல் குசினிக்குப் போய் அம்மாவிடம் வாங்கிக் குடித்தாள். மாமி மிகவும் சுத்தக்காரி என்று நான் நினைத்தேன். எங்கள் சொந்தத்தில் இவ்வளவு சுத்தமான ஒருவர் இருப்பதில் எனக்குச் சந்தோஷம்கூட.

அம்மாவின் தாய் தகப்பன் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அம்மா கிளிநொச்சிப் பக்கம் பிறந்தவர். எங்களைப் போலத்தான் கதைப்பார். கோபமோ துக்கமோ வந்தால் மட்டும் பேச்சு மாறி, அம்மம்மா வீட்டுப் பேச்சு வந்துவிடும். அப்பா அவரை விரும்பிக் கட்டினார். அந்தக் கலியாணத்துக்குப் பிறகு மாமி எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. சாமத்திய வீடு, சொல்லாதது என்பதெல்லாம் பிறகு வந்தவை. இவற்றையெல்லாம் நான் அறிந்துகொள்ள இன்னும் பல வருடங்கள் இருந்தன. அன்று எனக்குத் தெரிந்தது, மழைக்கு ஐந்து பேர் ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறோம் என்பதும், நெல்லிக்காய் மச்சாளின் மடியில் இருக்கிறது என்பதும்தான்.

மறுநாளும் மழை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சாள் விறாந்தையில் பாயை விரித்து, இன்றைக்கே கடைசிப் போட்டி என்று அறிவித்தாள். ஆனால் நாலு பேர் வேண்டும் என்றாள். நானும் தம்பியும் மட்டும் மோதினால் அது போட்டி இல்லையாம். "அம்மா ஒராள், மாமி ஒராள்" என்றாள். அவளுடைய அம்மா எனக்கு மாமி. என் அம்மா அவளுக்கு மாமி. யார் யாரைச் சொல்கிறாள் என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. வீட்டில் வேறு ஆட்களே இல்லை.

இருவரும் மறுத்தார்கள். இருவரும் என்னிடம்தான் மறுத்தார்கள். தம்பி அழத் தொடங்கியதும் அம்மா வந்து பாயின் ஒரு ஓரத்தில் இருந்தார். மாமி கதிரையை விட்டு இறங்காமல், கதிரையோடு கொஞ்சம் முன்னே நகர்ந்தார்.

ஆள் செய்வதில் மாமி காட்டிய கெட்டித்தனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. சந்தையில் மீன் வாங்குவது போல ஒவ்வொரு புள்ளிக்கும் பேரம் பேசினார். வேகம் வேண்டாம், அதைக் குறைத்தால் தாங்குசக்தி எவ்வளவு கூடும் என்று கேட்டார். அவருடைய ஆள் ஒரு கோட்டைத் தலைவி. உடைமை, உச்சி முதல் உள்ளங்கால்வரை இரும்புக் கவசம். எந்த ஆயுதமும் உள்ளே போகாது. ஆனால் கவசம் பாரம் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உயிர் குறையும், தண்ணீர் குடித்தால்தான் திரும்ப ஏறும் என்று மச்சாள் ஒரு விதி சொன்னாள். "பரவாயில்லை, போடு" என்றார் மாமி.

அம்மா வெகுநேரம் யோசித்தார். பலத்துக்கு ஒன்றுதான் வைத்தார். வேகத்துக்கும் அறிவுக்கும் கொஞ்சம். மிச்சம் எல்லாவற்றையும் வாயில் போடச் சொன்னார். எனக்கு அந்தரமாக இருந்தது. உடைமை என்ன என்று மச்சாள் கேட்டபோது, "ஒரு கிணறு வைக்கலாமோ?" என்று கேட்டார்.

நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். சண்டைக்குக் கிணற்றை எப்படித் தூக்கிக்கொண்டு வருவது? மச்சாள் சிரிக்கவில்லை. சண்டை கிணற்றடியில் நடக்கும், அவ்வளவுதானே என்று அனுமதித்துவிட்டாள். அம்மா சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவர்களுடைய குடியிருப்பில் கிணறு இருக்கவில்லை. ஊர்க்கிணற்றடியில் குடத்தோடு நின்று, யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். தாங்களாக வாளியைத் தொடக்கூடாது. இதையும் பிறகு ஒருநாள், நான் பெரியவளான பிறகு, வேறு எதையோ கதைக்கும்போது இடையில் சொன்னார். அன்று சிரித்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் சண்டையில் செட்டை முதலை மேலேயிருந்து பாய்ந்து கோட்டைத் தலைவியைக் கடித்தது. இரும்பில் பல் எல்லாம் உதிர்ந்தது. தம்பி பல்லுக்காக அழுதான். மாமி தன் மடியிலிருந்த பனங்கட்டித் துண்டைக் கொடுத்துச் சமாதானப்படுத்தினார்.

அடுத்தது நானும் அம்மாவும். வாளை ஓங்கிக்கொண்டு இடிமுழக்கி ஓடிவந்தாள். கிணற்றுக்காரி கிணற்றுக்கட்டில் இருந்தபடி, "எங்கையிருந்து வாறாய் பிள்ளை? வேர்த்துக் கிடக்கு. சாப்பிட்டியோ?" என்று கேட்டாள். இடிமுழக்கிக்கு என்ன மறுமொழி சொல்வதென்று தெரியவில்லை. அவளுக்குத்தான் வாய்க்குப் புள்ளியே இல்லையே. மச்சாள் உருட்டச் சொன்னாள். நெல்லிக்காய் இரண்டில் விழுந்தது. "உள்ளை எட்டிப் பார், நல்ல தண்ணி" என்றாள் கிணற்றுக்காரி. இடிமுழக்கி எட்டிப் பார்த்தாள். வாளின் பாரம் அவளைத் தலைகீழாக உள்ளே இழுத்துக்கொண்டது.

மூன்று கிழமையாகப் பார்த்துப் பார்த்துச் செய்த வீராங்கனை ஒரு கிணற்றுக்குள் விழுந்து தோற்றுப்போனாள். நான் சுவருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தேன். பிறகு ஒரு யோசனை வந்தது. அம்மா வென்றால் நெல்லிக்காயை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்? எனக்குத்தானே தருவார். உடனே திரும்பி, அம்மாவின் பக்கத்தில் போய் நெருங்கி இருந்தேன்.

கடைசிச் சண்டை. மச்சாள் இடத்தைச் சொன்னாள். மரமில்லாத வெளி, உச்சி வெயில், நடுவில் ஒரு கிணறு. கிணற்றுக்கட்டில் கிணற்றுக்காரி. தூரத்திலிருந்து கவசம் மினுங்க மினுங்கக் கோட்டைத் தலைவி வருகிறாள். "இனி நீங்கள் கதைக்கோணும்" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தார். மாமியும் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, கிணத்துக்காரியிட்டைச் சொல்லு…" என்று மாமி தொடங்கினார்.

"அம்மா, இதிலை தூது போக ஆள் இல்லை. தலைவி நேரை கதைக்கோணும்" என்றாள் மச்சாள்.

மாமி பாயைப் பார்த்துக்கொண்டு, "ஏய், வழியை விடு" என்றார்.

அம்மாவும் பாயைப் பார்த்துக்கொண்டு, "வழி அகலமாத்தான் கிடக்கு. போங்கோ" என்றார்.

உருட்டினார்கள். தலைவி ஈட்டியால் குத்தினாள், கிணற்றுக்காரி விலகினாள். கவசத்தின் பாரத்தில் தலைவிக்கு உயிர் கொஞ்சம் குறைந்தது. மறுபடியும் குத்தினாள், கிணற்றுக்காரி கிணற்றைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். மறுபடியும் உயிர் குறைந்தது. அம்மா ஒருமுறைகூடத் திருப்பி அடிக்கவில்லை. அடியுங்கோ, அடியுங்கோ என்று நான் அம்மாவின் கையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"நீ ஏன் அடிக்கிறாயில்லை?" என்று மாமி கேட்டார். தலைவி கேட்டாளா, மாமி கேட்டாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"நான் அடிபட வரேல்லை. இது என்ரை இடம். இஞ்சை இருக்கிறன்" என்றார் அம்மா. கட்டையைக் கையில் எடுத்தவர் உருட்டவில்லை. பேச்சு மாறிவிட்டது. "உங்க கோட்டை வாசல்ல ஒருக்கா வந்து நின்னேன். தெரியுதா?"

நான் குறுக்கே பாய்ந்தேன். இது பிழை. இவர்கள் இருவரும் இந்தக் கதையில் இப்போதுதான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். முன்பே எப்படி வாசலில் நிற்க முடியும்? மச்சாள் என் தொடையில் கிள்ளினாள்.

"மழை. கையில பிள்ளை. பிள்ளைக்குக் காய்ச்சல். வாசல்ல நின்னு கூப்பிட்டேன். குடை குடுத்து விட்டீங்க. உள்ள வாங்கன்னு சொல்லல."

யுத்தம் முடிந்து நாங்கள் முகாமிலிருந்து திரும்பிவந்த முதல் மாரியில், எங்களுக்குத் தறப்பாள் கொட்டில்தான் இருந்தது. மாமி வீட்டுக்கு அப்போதே கூரை போட்டாகிவிட்டது. அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளை தம்பி. அவன் இப்போது பனங்கட்டியை நக்கிக்கொண்டு, தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று தெரியாமல் இருந்தான். எனக்கும் தெரியவில்லை.

மாமி நெல்லிக்காயை வாங்கி உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"கோட்டைச் சனம் என்ன கதைக்கும் எண்டதுதான் தலைவிக்கு அப்ப பெரிசாக் கிடந்தது" என்றார். கையைத் திறக்காமலே, "குடை குடுத்து விட்டது பிழை எண்டு தலைவிக்கு அண்டைக்கே தெரியும். பிறகு எப்பிடிக் கூப்பிடுறது எண்டுதான் தெரியேல்லை" என்றார்.

மச்சாள் மெதுவாக, தலைவிக்கு இனி ஒரு சுற்றுக்குத்தான் உயிர் இருக்கிறது என்றாள்.

"கவசத்தைக் கழட்டலாமோ?" என்று மாமி கேட்டார்.

கழற்றலாம், ஆனால் கழற்றுகிற சுற்றில் தலைவி அடிக்க முடியாது, மற்றவள் விரும்பினால் ஒரே அடியில் முடித்துவிடலாம் என்று மச்சாள் விளக்கினாள்.

"கழட்டிறன்."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "அடியுங்கோ அம்மா! இப்ப அடிச்சால் நீங்கள்தான் வெற்றி!" தலைவி கவசமில்லாமல் நிற்கிறாள். நெல்லிக்காய் ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது. இப்படி ஒரு வாய்ப்பு எந்தச் சண்டையிலும் வந்ததில்லை.

"கிணத்துக்காரி தண்ணி அள்ளுறாள்" என்றார் அம்மா. "அள்ளிக் குடுக்கிறாள்."

எதிராளிக்கு உயிர் ஏற்ற முடியாது, அது விதியில் இல்லை என்று நான் கத்தினேன். மச்சாளைப் பார்த்துக் கத்தினேன். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு, கிணறு அவளுடைய உடைமை, அதை அவள் என்னவும் செய்யலாம் என்றாள்.

மாமி கதிரையை விட்டு இறங்கிப் பாயில் வந்து இருந்தார். முதன்முதலாக அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "தாரும்" என்றார். அம்மா வெறுங்கையை நீட்டினார். மாமி இரண்டு கையாலும் அதை வாங்குவது போலப் பிடித்தார். கற்பனைத் தண்ணீர்தானே, இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்க என்ன இருக்கிறது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சண்டை சமன் என்று மச்சாள் தீர்ப்புச் சொன்னாள். யாரும் வெல்லவில்லை என்பதில் தம்பிக்கு மட்டும் பெரிய திருப்தி. நான் அழுதேன். என் அழுகையை யாரும் கவனிக்கவில்லை என்பது இன்னும் அழுகையைக் கூட்டியது.

"எனக்கு மெய்யாவே தொண்டை காயுது" என்றார் மாமி. "ஒரு தேத்தண்ணி போடுமன்."

அம்மா எழுந்து குசினிக்குப் போனார். போனவர் திரும்பி வந்து அலுமாரியைத் திறந்து, கண்ணாடிக் கப்பை எடுத்தார். பொன் விளிம்பும் ரோசாப்பூவும் போட்ட கப் அது. எங்கள் பள்ளிக்கூட அதிபர் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது வெளியே எடுத்தது, பிறகு எடுக்கவில்லை. எங்களுக்கு அதைத் தொடவும் அனுமதியில்லை. மாமி அதைக் கண்டதும் கையை ஆட்டினார்.

"உது வேண்டாம். நீர் தேத்தண்ணி குடிக்கிற கப்பிலையே தாரும்."

அம்மா கப்போடு அலுமாரிக்கு முன்னால் அப்படியே நின்றார். நான் போய், அம்மா, தண்ணி கொதிக்குது என்று சொல்லும்வரை நின்றார். அதன்பிறகு தான் குடிக்கிற சில்வர் கப்பில், விளிம்பு நெளிந்த அந்தப் பழைய கப்பில், தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். மாமி குடித்து முடிக்கும்வரை இருவரும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். சீனி போதுமோ என்று அம்மா கேட்டார். போதும் என்றார் மாமி. அதற்கும் என்னைக் கூப்பிடவில்லை.

நெல்லிக்காய் எனக்குக் கிடைக்கவில்லை. வெற்றி பெற்றவர் இல்லாதபடியால் மச்சாள் அதைத் தன்னோடு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். இப்போது அவள் மாங்குளத்தில் படிப்பிக்கிறாள். அன்றைக்குத் திட்டம் போட்டுத்தான் செய்தாயா என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "நாலு பேர் வேணுமெண்டு கேட்டனான், அவ்வளவுதான்" என்பாள், முகத்தில் ஒன்றையும் காட்டாமல்.

அன்று பின்னேரம் மழை கொஞ்சம் வெளித்தது. அணைக்கட்டுக் கசிவை அடைத்தாயிற்று என்று சொல்லிக்கொண்டு அப்பா வந்தார். தலைமுதல் கால்வரை சேறு. அவர் படியில் குந்தி, உடுத்திருந்த சறத்தைப் பிழிவதற்கு முன்பே நான் என் முறைப்பாடுகளை வரிசையாக வைத்தேன். இடிமுழக்கி கிணற்றுக்குள் விழுந்தது, அம்மா அடிக்காமல் விட்டது, விதியை மீறித் தண்ணீர் கொடுத்தது, மச்சாள் ஓரவஞ்சனை செய்தது. அப்பா ஓம் ஓம் என்று சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். கடைசியாக, அம்மா அலுமாரியிலிருந்து ரோசாப்பூக் கப்பை எடுத்துக் கொடுத்தும் மாமி அதை வேண்டாம் என்று சொல்லி, அம்மாவின் நெளிந்த கப்பில்தான் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார் என்றேன். நல்ல கப்பை ஒருவர் இப்படி அவமதிக்கலாமா என்று கேட்டேன்.

அப்பாவின் கை நின்றது.

"எந்தக் கப்பிலை?" என்றார்.

சொன்னேன்.

"வடிவாச் சொல்லு. கொம்மா குடிக்கிற கப்பிலையோ? மாமி தானாக் கேட்டவாவோ?"

ஒருவழியாக என்னுடைய நியாயத்தைக் கேட்க வீட்டில் ஒருவர் வந்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. ரோசாப்பூக் கப்புக்காக அப்பாவுக்கும் மனம் நொந்துவிட்டது என்று நினைத்து, அவருக்குப் பக்கத்தில், அந்தச் சேற்றுப் படியிலேயே இருந்துகொண்டு, ஒன்றையும் விடாமல் முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினேன்.